சவர வளைவு

அந்தக் கிளைப் பாதையில் ஓடிய ரயிலுக்கு ஊர்க்காரர்கள் வைத்த பெயர் 'அவசரம்'. ரயில்வேக்காரர்கள் அதற்கு ஏதோ ஒரு நம்பர் கொடுத்திருந்தார்கள். அந்த நம்பரைச் சொல்லி யாரும் டிக்கெட் கேட்டதில்லை. பால்காரி ஒருத்தி கேனை வீட்டிலேயே மறந்துவிட்டு வந்தால், வண்டியை நிற்கச் சொல்லிவிட்டுத் திரும்பிப் போய் எடுத்து வருவாள். டிரைவரும் நிறுத்தி வைப்பார். கேன் கனமாக இருக்கும் என்று தெரிந்தால் இன்ஜினுக்குக் கரி தள்ளுகிற பயர்மேனும் கூடவே போய்த் தூக்கி வருவார். அப்படிப்பட்ட அவசரம்.

பாதை போட்டது என்னவோ ஜனங்களுக்காக இல்லை, கல்லுக்காக. துறைமுகத்தில் அலையைத் தடுக்கச் சுவர் கட்ட வேண்டியிருந்தது. அதற்கான கல் மலையடிவாரத்துக் குவாரியில் இருந்தது. குவாரியிலிருந்து ஜங்ஷன் வரைக்கும் ஒற்றைத் தண்டவாளப் பாதை ஒன்றை இழுத்தார்கள். கல் வண்டி சும்மாத்தானே போகிறது என்று பின்னால் ஒரு பெட்டியை மாட்டினார்கள். முதலில் குவாரி ஆட்கள் ஏறினார்கள், பிறகு பால் ஏறியது, மாவு மில்லின் மூட்டைகள் ஏறின, டீச்சர்கள் ஏறினார்கள், பிரசவத்துக்குப் போகிற பெண்கள் ஏறினார்கள். சுவர் கட்டி முடிந்து கல் வண்டி குறைந்த பிறகும் பெட்டி மட்டும் போய்க்கொண்டே இருந்தது.

பாதை நெடுக நேர்க்கோடு. ஏரி குறுக்கே வருகிற ஓரிடத்தில் மட்டும் கரையை ஒட்டி ஒரு பெரிய வளைவு. ஈர மண், ஜல்லி எவ்வளவு கொட்டினாலும் விழுங்கிக்கொள்ளும். அங்கே பாதையைப் பழுது பார்த்த கேங்கு ஆட்களுக்குத் தலைவர்தான் மேஸ்திரி. அவருக்கு அம்மா அப்பா வைத்த பெயர் ரேஷன் கார்டில்தான் இருந்தது. வீட்டில் பெண்டாட்டிகூட "மேஸ்திரி, சாப்பிட வாங்க" என்றுதான் கூப்பிடுவாள்.

மற்ற இடங்களில் வண்டி ஆடுகிற ஆட்டத்தில் மூட்டை மேல் உட்கார்ந்தவன் மூட்டைக்கு அடியில் கிடப்பான். ஏரி வளைவில் ஏறியதும் வண்டி அப்படியே வழுக்கிக்கொண்டு போகும். வளைவில் வெளித் தண்டவாளம் உள் தண்டவாளத்தைவிடக் கொஞ்சம் உயர்ந்திருக்க வேண்டும். அந்த உயரம் மழைக்கும் வெயிலுக்கும் கரைந்து போகாமல் மேஸ்திரியும் அவர் ஆட்களும் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டார்கள். அதை நன்றாக அறிந்தவர் கார்டு. வண்டியின் கடைசிப் பெட்டியில் தனியாக நின்றுகொண்டு வருகிற அந்த மனிதர், காலையில் வீட்டில் சவரம் செய்வதை அடியோடு விட்டுவிட்டார். ஏரி கண்ணில் பட்டதும் கன்னத்தில் சோப்பு நுரை போடுவார். வளைவு தொடங்கியதும் கத்தியை வைப்பார். வளைவு முடியும்போது முகம் பளபளவென்று இருக்கும். ஜனங்கள் அந்த இடத்துக்கே சவர வளைவு என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

எப்போதாவது தண்டவாளத்தைத் தாங்குகிற ஒரு கட்டை இறங்கியிருந்தால் கன்னத்தில் கீறல் விழும். கேங்கு ஆட்களின் குடிசையைத் தாண்டும்போது கார்டு பாதி நுரையோடு வெளியே தலையை நீட்டுவார். கன்னத்தைத் தொட்டுக் காட்டி, "மேஸ்திரி! இங்க பாருங்க!" என்று கத்துவார்.

"சாயங்காலத்துக்குள்ள சரி பண்ணிடுறேன், கார்டு சார்!" என்று மேஸ்திரி இங்கிருந்து கத்துவார். சாயங்கால வண்டி வருவதற்குள் அந்த இடத்தைத் தேடிப் பிடித்து, கட்டைக்கு அடியில் ஜல்லி இடித்து முடித்திருப்பார்.

பெரிய அதிகாரிகள் டிராலியில் வந்து பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனதெல்லாம் அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. கார்டின் கன்னம்தான் அவருக்குச் சர்டிபிகேட். அப்பாவுக்குச் சாப்பாட்டுத் தூக்கு கொண்டுபோகிற சாக்கில் மகள் அதைப் பலமுறை பார்த்திருக்கிறாள். அந்தக் கத்தலைக் கேட்டதும் அப்பாவின் முகத்தில் வருவது அவமானம் இல்லை, பெருமைதான் என்று சின்ன வயதிலேயே அவளுக்குத் தெரியும். தன்னை நம்பித்தானே ஒரு மனுஷன் கழுத்துக்குப் பக்கத்தில் கத்தியை வைக்கிறான்.

குவாரியில் கல் தீர்ந்தது. ஆற்றுக்குக் குறுக்கே ரோட்டுப் பாலம் வந்தது. ஒரு நாள் ஜங்ஷனுக்குப் போன 'அவசரம்' திரும்பி வரவில்லை. தண்டவாளத்தை எடுக்க யாருக்கும் அவசரம் இல்லாததால் அது இருபது வருஷமாக அங்கேயே கிடந்தது. கோரைப்புல் மூடியது.

இப்போது எடுக்கச் சொல்லிவிட்டார்கள். எடுக்கிற வேலையைப் பிடித்தது வேறு யாரும் இல்லை, மேஸ்திரியின் மகள்தான்.

அவள் வெல்டிங் பட்டறையில் சேர்ந்து, கேஸ் கட்டிங் படித்து, சொந்தமாகப் பட்டறை போட்டு, கிரேன் வைத்த லாரி ஒன்று வாங்கி, சுற்றுவட்டாரத்தில் பழைய இரும்பு எதுவானாலும் 'கிரேனம்மாவைக் கூப்பிடு' என்கிற அளவுக்கு வந்திருந்தாள். வேலை கிடைத்த அன்று ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்து அப்பாவிடம்தான் முதலில் சொன்னாள். வேறு யாரோ வந்து எடுப்பதைவிட நம் கையாலேயே எடுப்பது மரியாதை இல்லையா என்று அவள் நினைத்தாள். மேஸ்திரியும் முதலில் சரி என்று தலையை ஆட்டினார். குவாரி முனையில் வேலை தொடங்கி, கேஸ் சிலிண்டர் ஏற்றிய லாரி ஏரிப் பக்கம் வந்து நின்ற அன்றைக்குத்தான் மகளோடு பேச்சை நிறுத்தினார்.

பேச்சை நிறுத்தினார் என்றால், ஒரே மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே நிறுத்தினார்.

"காண்ட்ராக்டரம்மாவுக்கு ரொட்டி வேணுமான்னு கேளு" என்றார் பெண்டாட்டியிடம்.

"அவ காது என்ன செவிடா? நீங்களே கேளுங்க."

"நான் எதுக்குக் கேட்கணும்? பெரிய மனுஷங்க விவகாரம்."

"அப்பா, நான் செஞ்ச தப்பு என்ன? சொல்லிட்டுத் திட்டுங்க."

மேஸ்திரி அவித்த முட்டையை உரிப்பதிலேயே கண்ணாக இருந்தார். "தப்பு ஒண்ணும் இல்லன்னு சொல்லு. வேலை அவங்க வேலை. தண்டவாளம் ரயில்வேயோட தண்டவாளம். இதுல நான் யாரு?"

"ரெண்டு பேருக்கும் நடுவுல நான் போஸ்ட்மேன் வேலை பார்க்கணும்னு தலையெழுத்து" என்று அம்மா தட்டைத் தூக்கிக்கொண்டு போனாள். போகிற போக்கில், "நீதான் அந்தப் பாதையை விட்டுத் தொலையேன்டி, இரும்புக்கா பஞ்சம்?" என்று மகளையும் ஒரு இடி இடித்தாள்.

விட முடியாது. கையெழுத்துப் போட்டாயிற்று. அதைவிட, விட அவளுக்கு மனசும் இல்லை. தன் வேலை தப்பான வேலை என்று அப்பாவே நினைக்கிறார் என்றால், இத்தனை வருஷம் சம்பாதித்த பெயருக்கு என்ன மதிப்பு என்று உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. அவர் வாயால் ஒரு நல்ல வார்த்தை வராமல் அந்த வளைவில் கை வைப்பதற்கும் அவளுக்குத் தைரியம் வரவில்லை.

வேலை வேகமாகத்தான் நடந்தது. குவாரி முனையில் முதலில் ஸ்பேனர் போட்டுத்தான் பார்த்தார்கள். இரண்டு தண்டவாளத்தைச் சேர்க்கிற இடத்தில் பக்கத்துக்கொன்றாக இரும்புப் பட்டை வைத்து போல்ட்டு போட்டு இறுக்கியிருக்கும். அந்த போல்ட்டுகள் துருப்பிடித்துக் கல்லாகிவிட்டிருந்தன. கட்டிங் ஆள் ஒருவன் இருந்தான். கறுப்புக் கண்ணாடியைத் தூங்கும்போது மட்டும்தான் கழற்றுவான் என்பதால் அவனுக்குக் கண்ணாடி என்றே பெயர். அவன் ஸ்பேனர் மேல் ஏறி நின்று குதித்தும் பார்த்தான். ஸ்பேனர் வழுக்கி முழங்கை தோல் உரிந்ததுதான் மிச்சம். அதோடு ஸ்பேனர்களை லாரிக்கு அடியில் போட்டுவிட்டு, தண்டவாளத்தைத் துண்டுதுண்டாக நெருப்பால் வெட்டி ஏற்றத் தொடங்கினார்கள்.

நடுவில் துறைமுக யார்டிலிருந்து மேனேஜர் போன் செய்திருந்தார். யார்டுக்குள் வேகன்கள் போகிற பாதையில் ஒரு வளைவு இருக்கிறது, அங்கே தண்டவாளம் தேய்ந்துவிட்டது, வளைத்த தண்டவாளம் முழு நீளமாகக் கிடைத்தால் உதவியாக இருக்கும் என்றார்.

"எல்லாம் துரு சார். வெட்டாம எடுக்க முடியாது. உலைக்குத்தான் போகும்" என்று மகள் சொல்லிவிட்டாள்.

வேலைக்கு நடுவில் பட்டறைத் தொல்லைகளும் இருந்தன. கிரேன் மூட்டுகளுக்குப் போடுகிற நீலக் கிரீஸ் டப்பா வழக்கம்போல் பாதி காலி. வருஷக்கணக்காக இதே கதை.

"கண்ணாடி, உண்மையைச் சொல்லு. கிரீஸை என்ன பண்ற?"

"அக்கா, சத்தியமா நான் தொடல. நான் என்ன கிரீஸை ரொட்டிக்குத் தடவியா சாப்பிடுறேன்? எப்ப டப்பா காலியானாலும் என் தலைதானா உங்க கண்ணுக்குத் தெரியுது?"

"பின்ன அது என்ன காத்துலயா கரையுது?"

கண்ணாடி மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு போனான். அன்று முழுக்க அவன் வெட்டிய வெட்டு எதுவும் நேராக வரவில்லை.

வளைவைத் தொட வேண்டிய நாள் வந்தது. விடிந்ததிலிருந்து பிசுபிசுவென்று தூறல். ஏரிப் பக்கமிருந்து வந்த காற்றில் கோரைப்புல் எல்லாம் ஒரே பக்கம் படுத்துக் கிடந்தது. லாரி போய் நின்றபோது, பாதைக்கு நட்டநடுவில் சமையலறை நாற்காலியைப் போட்டு, குடையைப் பிடித்துக்கொண்டு மேஸ்திரி உட்கார்ந்திருந்தார். சவரம் செய்து, பழைய காக்கிச் சட்டையைச் சலவை செய்து போட்டுக்கொண்டு, ஏதோ கல்யாணத்துக்குக் கிளம்பியவர் மாதிரி இருந்தார்.

"அக்கா, இன்னைக்கு வேலை நடக்காது" என்றான் கண்ணாடி.

மகள் இறங்கி அவர் எதிரில் போய் நின்றாள். "அப்பா, எழுந்திரிங்க. ஜுரம் வந்துடும்."

அவர் ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி, இந்த வளைவை விட்டுடுறேன். ரயில்வேக்கு என்ன பதில் சொல்றதுன்னு நான் பார்த்துக்குறேன். நீங்க வீட்டுக்கு வாங்க."

அவர் குடையை மறு கைக்கு மாற்றிக்கொண்டார். அந்த நேரத்தில் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, ஒரு கையில் டீ பிளாஸ்க்கும் இன்னொரு கையில் அவருடைய ஸ்வெட்டருமாக அம்மா மேட்டில் ஏறி வந்தாள். வந்த வேகத்திலேயே ஆரம்பித்தாள்.

"உங்களுக்கு வயசாச்சா, வயசு குறையுதா? சின்னப் புள்ளை மாதிரி அடம். வேண்டாம்னா வேண்டாம்னு வாயைத் திறந்து சொல்லுங்களேன்! அவ விட்டுடுறேன்னு சொல்றாளே!"

"நான் விடச் சொன்னேனா?" என்றார் மேஸ்திரி.

இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"எடுக்கக் கூடாதுன்னு நான் எப்பச் சொன்னேன்? வண்டி ஓடாத எடத்துல தண்டவாளம் எதுக்கு? போட்டவங்களே எடுக்கச் சொல்லிட்டாங்க, எடுக்க வேண்டியதுதான். என் புள்ளை எடுக்குறாளேன்னு எனக்குச் சந்தோஷம்தான். அன்னைக்குத் தலையாட்டினேனா இல்லையா? கேளு அவளை."

"அப்புறம் எதுக்கு இந்தக் கூத்து?"

மேஸ்திரி குடையைக் கீழே வைத்தார். முதல்முறையாக மகளை நேராகப் பார்த்துப் பேசினார்.

"வெட்டுறாளே! அது என்ன விறகா? முழுசா போட்டதை முழுசா எடுக்கத் தெரியாதா? கேஸ் பைப்பைத் தூக்கிட்டு வர்றா. மேஸ்திரி மகள் ஸ்பேனர் வைக்காம நெருப்பு வைப்பாளா?"

"வச்சுப் பார்த்தேன்பா! போல்ட்டு ஒண்ணுகூட அசையல. கண்ணாடி கையைப் பாருங்க."

"எங்க வச்சுப் பார்த்த?"

"குவாரிகிட்ட."

"அது அடுத்த கேங்கு பார்த்த பாதை. அவனுங்க போல்ட்டு வண்டி ஓடுன காலத்துலயே சுத்தாது. என் வளைவுல வச்சுப் பார்த்தியா?"

மகள் வைத்துப் பார்க்கவில்லை. ஒரே பாதை, ஒரே மழை, ஒரே இருபது வருஷம்; ஓரிடத்துத் துருதான் எல்லா இடத்துத் துருவும் என்று முடிவு கட்டிவிட்டாள். அப்பா பார்த்த பாதையையும் மற்றவன் பார்த்த பாதையையும் ஒரே தட்டில் வைத்திருக்கிறோம் என்பது அப்போதுதான் உறைத்தது.

"நீயா வச்சுப் பார்ப்பேன்னு இருந்தேன்" என்றார் மேஸ்திரி. குரல் இறங்கியிருந்தது. "சொல்லிச் செய்ய வைக்கிறதுக்கு நீ யாரோ இல்லையே."

அவள் லாரிக்குப் போனாள். அடியில் கிடந்த பெரிய ஸ்பேனரை இழுத்து எடுத்தாள். தண்டவாளங்கள் சேருகிற முதல் மூட்டருகே மண்டியிட்டு, கோரைப்புல்லைக் கையால் விலக்கினாள். புல் பிடுங்க வேண்டிய அவசியமே இல்லாமல் விலகியது. யாரோ அடிக்கடி விலக்கிப் பழகிய புல். போல்ட்டு மேலே ஈரமண் அப்பியிருந்தது. ஸ்பேனரை மாட்டி, குவாரியில் அழுத்திய பழக்கத்தில் உடம்பு பாரம் முழுவதையும் போட்டு அழுத்தினாள்.

போல்ட்டு சர்ரென்று சுற்றியது. அவள் தடுமாறிப் போய் ஜல்லி மேல் விழுந்தாள்.

அம்மா "ஐயோ" என்றாள். மேஸ்திரி எழுந்திருக்கவில்லை. ஆனால் அவர் கால் கட்டை விரல் செருப்புக்குள் ஆடிக்கொண்டிருந்தது.

மகள் எழுந்து உட்கார்ந்து, நட்டைக் கையாலேயே சுற்றிக் கழற்றினாள். மரை முழுக்கப் புத்தம் புதுசாக, வழவழவென்று நீலமாக இருந்தது. விரலில் எடுத்துப் பார்த்தாள். மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தும் பார்த்தாள்.

"அக்கா!" என்று கண்ணாடி கத்தியது ஏரியின் அக்கரைக்கே கேட்டிருக்கும். "அது நம்ம கிரீஸ்! நம்ம பட்டறை கிரீஸ்! இத்தனை வருஷம் என்னைத் திருடன்னு சொன்னீங்களே, இப்பச் சொல்லுங்க யாரு திருடன்னு!"

மேஸ்திரி தொண்டையைக் கனைத்தார். "பட்டறை வர்றதுக்கு முன்னாடி ரயில்வே கொடுத்த எண்ணெய் மிச்சம் இருந்துச்சு. அது தீர்ந்து போச்சு. நல்ல கிரீஸ்தான் வாங்குறா, குறை சொல்ல முடியாது."

"அதான் வாக்கிங் போறேன் வாக்கிங் போறேன்னு கிளம்பினீங்களா?" அம்மா இடுப்பில் கை வைத்தாள். "டாக்டர் சொன்னார்னு நான்கூடச் சந்தோஷப்பட்டேனே! சட்டையில கறை கறையா வருதே, என்ன எழவுன்னு துவைச்சுத் துவைச்சு என் கை தேஞ்சுது!"

"நடந்துதானே போனேன்? வாக்கிங்தான்."

மகளுக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது. "எதுக்குப்பா? வண்டிதான் வராதுன்னு தெரியுமே."

"தெரியும். வண்டியை நிறுத்துனது அவங்க. அது அவங்க இஷ்டம். நாளைக்கே யாராவது வந்து ஓட்டிப் பார்க்கலாம்னோ, கழட்டிக் கொண்டு போகலாம்னோ போல்ட்டுல கை வச்சா அது சுத்தணும். சுத்தலன்னா, இங்க மேஸ்திரின்னு ஒருத்தன் இருந்தானான்னு கேட்பான். கேட்பானா மாட்டானா?"

"கேட்பான்" என்றாள் மகள்.

"அவ்வளவுதான். டீயை ஊத்து" என்றார் பெண்டாட்டியிடம்.

அன்று மதியமே மகள் துறைமுக மேனேஜருக்குப் போன் செய்தாள். "சார், நான் சொன்னது தப்பு. வளைச்ச தண்டவாளம் முழுசா இருக்கு. வந்து பாருங்க" என்றாள். அவர் வந்தார், பார்த்தார், ஒவ்வொரு போல்ட்டும் சுற்றுவதைக் குழந்தை மாதிரி வேடிக்கை பார்த்தார். அளந்துவிட்டு, கொஞ்சம் முன்னே பின்னே சரிசெய்தால் யார்டு வளைவுக்கு உட்கார்ந்துவிடும் என்றார்.

கழற்றுகிற நாட்களில் மேஸ்திரி சாக்பீஸும் கையுமாக அலைந்தார். எது வெளித் தண்டவாளம், எது உள், எது எதற்கு அடுத்தது என்று ஒவ்வொன்றிலும் குறி போட்டார். சக்கரம் உரசி உரசி ஒவ்வொன்றும் ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தது. மாற்றிப் போட்டால் வண்டி முரண்டு பிடிக்கும். கேஸ் சிலிண்டர்கள் லாரியிலேயே கிடந்தன. கிரேன் ஒரு முழுத் தண்டவாளத்தைத் தூக்கும்போது அது நடுவில் லேசாக வளைந்து ஊசலாடும். மேஸ்திரி அண்ணாந்து பார்ப்பார். உலைக்குப் போகிற இரும்பை அவர் இப்படிப் பார்த்திருக்க மாட்டார். மகளோடு நன்றாகவே பேசினார். ஆனால் 'காண்ட்ராக்டரம்மா' மட்டும் போகவில்லை. "காண்ட்ராக்டரம்மா, செயினைப் பார்த்துக் கட்டு", "காண்ட்ராக்டரம்மா, மழை வருது."

எந்தத் துறைமுகத்துக்குக் கல் சுமப்பதற்காக அந்தத் தண்டவாளம் பிறந்ததோ, அந்தத் துறைமுகத்துக்கே போய் இறங்கியது. யார்டில் பாதை போடுகிற வேலையையும் மேனேஜர் அவளிடமே கொடுத்தார். எடுத்துத்தான் பழக்கமே தவிர அவள் பாதை போட்டதில்லை. சின்ன வயதில் தூக்குப் பாத்திரத்தோடு உட்கார்ந்து பார்த்ததெல்லாம் கைக்குள் எங்கோ இருந்தது. கட்டை வைத்தாள், தண்டவாளம் உட்கார்த்தினாள், நாலு பேரை வைத்து ஜல்லி இடித்தாள். உப்புக் காற்றில் உதடு வெடித்தது. மேஸ்திரி ஒரு மூட்டை மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லாமல் இருக்க அவர் பட்ட பாட்டை அம்மா ஒருத்திதான் அறிவாள். மனுஷன் தினமும் வீட்டுக்கு வந்ததும் கை கால் வலிக்கிறது என்று படுத்துக்கொள்வார்.

ஓட்டிப் பார்க்கிற நாளன்று வானம் சுத்தமாக இருந்தது. ஒரு சின்ன இன்ஜின், உப்பு ஏற்றிய சில வேகன்கள், கடைசியில் கார்டு பெட்டி. மேஸ்திரி ஒரு துணிப்பையோடு வந்து, "நான் அதுல ஏறிக்கலாமா?" என்று மேனேஜரைக் கேட்டார். அவர் சரி என்றார். பைக்குள் என்ன இருக்கிறது என்று மகளுக்குத் தெரியவில்லை. அம்மாவுக்குத் தெரிந்திருந்தது.

"மூணு நாளா தாடியைச் சொறிஞ்சுக்கிட்டே சவரம் பண்ணாம உட்கார்ந்திருக்கார். ஏன்னு கேட்டா சிரிக்கிறார்."

வண்டி கிளம்பியது. கார்டு பெட்டியின் ஜன்னலில் மேஸ்திரியின் முகம் தெரிந்தது, பாதி வெள்ளை நுரையாக. இன்ஜின் வளைவில் ஏறியது. மகள் பாதையோரத்தில் நின்றாள். இதுவரை எத்தனையோ இரும்பை எத்தனையோ உயரத்துக்குத் தூக்கியிருக்கிறாள், அப்போதெல்லாம் இப்படி ஒவ்வொரு சக்கரமாக எண்ணிக்கொண்டு நின்றதில்லை. வேகன்கள் ஒவ்வொன்றாக வளைவுக்குள் வந்தன, ஆடாமல், முனகாமல். கார்டு பெட்டியும் வந்தது. உள்ளே கத்தி கன்னத்தில் இறங்கி ஏறுவது நிழலாகத் தெரிந்தது. வளைவு பாதி முடிந்தது, முக்கால் முடிந்தது. மேனேஜர் கை தட்டத் தொடங்கிவிட்டார்.

வளைவின் கடைசி மூட்டில், பழைய யார்டு பாதையோடு இவர்களுடைய தண்டவாளம் சேருகிற இடத்தில், பெட்டி லேசாகக் குலுங்கியது. லேசாகத்தான்.

ஜன்னலிலிருந்து தலை வெளியே வந்தது. ஒரு கன்னம் பளபளவென்று, மறு கன்னத்தில் நுரை, நுரைக்கு நடுவே சிவப்பாக ஒரு கோடு.

"மேஸ்திரி!" என்று அவர் கத்தினார்.

மகள் திரும்பிப் பார்த்தாள். பின்னால் கண்ணாடி நின்றான், அவனும் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். அங்கே மேஸ்திரி என்று வேறு யாரும் இல்லை. அவளுக்குத் தெரிந்த ஒரே மேஸ்திரி அந்த ஜன்னலில் இருந்தார்.

"யாரைத் தேடுற? உன்னைத்தான்! மேஸ்திரி! இங்க பாருங்க!" என்று கன்னத்தைத் தொட்டுக் காட்டினார்.

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மகள் கண்ணாடியின் கையிலிருந்த கடப்பாரையை வாங்கித் தோளில் சாய்த்துக்கொண்டு, போகிற வண்டியைப் பார்த்து, தொண்டை கிழியக் கத்தினாள்.

"சாயங்காலத்துக்குள்ள சரி பண்ணிடுறேன், கார்டு சார்!"